பருத்திக்குள் பவுண்டு

இரவு பத்தேகாலுக்குப் போன்.
அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு லேபிள் யூனிட்.
"கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருக்குதுங்,
ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்."

பேய் இல்லை.
போர்ச்சுகல் போகிற பனியனின் கழுத்துத் துண்டில்
பருத்தி என்று அவர்கள் பாஷையில் இருக்க வேண்டும்:
algodão.
கடைசி எழுத்துக்கு முந்தியதன் தலையில்
சின்னதாய் ஓர் அலை.
அச்சாகி வந்ததோ
algodÃ£o.
அலை ஒரு பெரிய எழுத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது,
பக்கத்தில் யாரும் கூப்பிடாமல் ஒரு பவுண்டு.

நாற்பதாயிரம் லேபிள்.
"நாப்பதாயிரம் பவுண்டு நெசமா வந்திருந்தா
பேங்குக் கடன் தீந்திருக்கும்"
என்றார் முதலாளி கந்தவேல், சிரிக்காமல்.

ரீஸ்டார்ட் பண்ணியிருந்தார்கள்.
கேபிளைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்.
மானிட்டர் நெற்றியில் புதுசாய்த் திருநீறு.

கோப்பைத் திறந்தேன்.
உள்ளே ஒரு குறையும் இல்லை.
அந்த எழுத்து இரண்டு பைட்டாக,
ஒரே டிவிஎஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி போல
ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.
நம் பழைய சாஃப்ட்வேர்தான் வண்டியை நிறுத்தி
இறக்கிவிட்டு
தனித்தனியாகப் பேர் கேட்டிருக்கிறது.
தனித்தனியாகக் கேட்டால்
அவர்களும் வேறு ஆட்கள்தானே.

இம்போர்ட் ஜன்னலில், யாரும் தொடாத ஒரு பட்டியல்.
நாலாவது வரியில் யுடிஎஃப்-எட்டு.
ஒரு க்ளிக்.
அலை இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

அடுத்தது போலந்து ஆர்டர்.
bawełna என்பதன் நடுவில் வெறும் கட்டம்.
இது வேறு நோய்:
எழுத்து வந்து சேர்ந்துவிட்டது,
ஃபாண்டிடம் அதன் அளவுக்குச் சட்டை இல்லை.
திருப்பூரில் இதைச் சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது.
மாற்றினேன்.
மெஷின் ஓடத் தொடங்கியது, ரிப்பன் வாசத்தோடு.

தப்பை முதலில் பிடித்தது செக்கிங் சௌடேஸ்வரி.
போர்ச்சுக்கீசு தெரியாது.
"முந்தாநேத்து அங்க துட்டு இல்லீங்களே"
என்று கத்தி மெஷினை நிறுத்தியிருக்கிறார்.

டீ வந்தது.
அவர் செல்லில் ஒரு மெசேஜைக் காட்டினார்.
சிக்கன நாணயச் சங்கத்தில் ஆறு வருஷம் கட்டிய பணம்.
பேரை அடித்துத் தேடினால்
உறுப்பினர் இல்லை என்கிறதாம் அவர்கள் கம்ப்யூட்டர்.
"பாஸ்புக்குல இருக்குது, லிஸ்ட்டுல இருக்குது,
தேடுனா மட்டும் நான் இல்லீங்."

சௌடேஸ்வரி.
செளடேஸ்வரி.
வெகுநேரம் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தேன்.
பிறகு இரண்டின் முதலெழுத்துக்கும் பின்னால்
கர்சரை வைத்து அழிக்கச் சொன்னேன்.
ஒன்றில் ச மட்டும் மிஞ்சியது.
மற்றதில் செ நின்றது,
ள மட்டும் கழன்றிருந்தது.

யாரோ அவசரத்தில்
ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டு
அசல் ளகரத்தைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
கண்ணுக்குச் சரி. மெஷினுக்கு வேறொருத்தி.

அந்தப் பருத்தி
உள்ளே சரியாக இருந்து வெளியே கெட்டிருந்தது.
இந்தப் பேர்
வெளியே இவ்வளவு அழகாக இருந்து,
ஆறு வருஷமாக.

"அப்பக் கெளசல்யா அக்காவுக்கும் இதேதானுங்களா?"
கேட்டதும் என் கை நின்றது.
அந்தப் பட்டியலில் எத்தனை கௌரி,
எத்தனை சௌந்தரம், மௌனகுருசாமி.

"திங்கக்கெழம சங்கத்துல குடுக்கறனுங்,
சரியான பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்."

பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து
நிறுத்தி நிதானமாக எழுதினேன்.
கீழே தப்பானதையும் எழுதி அடித்துவிடலாம் என்று
எழுதிப் பார்த்தால்,
பேனாவில் இரண்டும் ஒன்றேதான்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல எதுங்க நானு?"